வயிற்றுக்குள் ஒரு மந்தை

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கிராமத்துக் கால்நடை மருத்துவர்களுக்கு உட்கார நேரம் இருக்காது. போகிற தொழுவத்தில் எல்லாம் ஏறக்குறைய ஒரே காட்சி. கொம்பில் பூசிய வர்ணம் இன்னும் மங்கவில்லை. கழுத்தில் நேற்றுக் கட்டிய மாலை அப்படியே கிடக்கிறது. மாடு மட்டும் எழவில்லை. தலையை விலாப் பக்கம் திருப்பிப் போட்டுப் படுத்திருக்கிறது. கண் உள்வாங்கியிருக்கிறது. சாணி தண்ணீராகக் கழிந்து புளித்த வாடை அடிக்கிறது.

"என்னம்மா வெச்சீங்க?"

"வேற ஒண்ணும் இல்லீங்க டாக்டரய்யா. வருஷத்துல ஒரு நாள்தானேன்னு ஒரு குண்டான் பொங்கல் வெச்சேன். ஆசை ஆசையாத் தின்னுச்சு."

மருத்துவர் மாட்டின் இடது பக்கம், விலா எலும்பு முடிந்து இடுப்பெலும்பு தொடங்கும் முன் உள்ள குழியில் கையை மடக்கி அழுத்திப் பிடிக்கிறார். நலமாக இருக்கும் மாட்டுக்கு அந்த இடத்தில் நிமிடத்துக்கு ஒரு தடவையாவது உள்ளிருந்து ஒரு அலை புரண்டு வந்து கையைத் தள்ளும். இந்த மாட்டிடம் அது இல்லை. அழுத்தினால் குடத்துத் தண்ணீர் தளும்புகிற சத்தம்தான் கேட்கிறது.

பொங்கலில் விஷம் ஏதும் இல்லை. வீட்டில் குழந்தை முதல் பாட்டி வரை அதைத்தான் சாப்பிட்டார்கள். ஒரு தீவனம் நல்லதா கெட்டதா என்று தனியாகக் கேட்டால் பதில் கிடைக்காது, அது யாருடைய வயிற்றுக்குள் போகிறது என்று சேர்த்துக் கேட்க வேண்டும். கால்நடை உணவியல் என்ற துறை இந்தக் கேள்வியைத்தான் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

மாடு புல் தின்கிறது என்கிறோம். சரியாகச் சொல்வதானால், மாடு புல்லை மென்று தனக்குள் இருக்கும் வேறொரு கூட்டத்துக்குப் போடுகிறது. மாட்டு வயிற்றின் நான்கு அறைகளில் முதலாவதான ரூமென் மிகப் பெரியது. நன்கு வளர்ந்த மாட்டில் 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். வயிற்றின் இடப்பக்கம் முழுக்க அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். உள்ளே காற்று கிடையாது. வெப்பம் ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ். அந்தச் சாற்றில் ஒரு மில்லி எடுத்தால் ஆயிரம் கோடிக்கு மேல் பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றையே இரையாக்கி வாழும் ஒருசெல் உயிர்களும் லட்சக்கணக்கில் நீந்தும். காற்றுப் பட்டாலே சாகிற இந்த நுண்ணுயிர்களை வெளியே எடுத்து வளர்க்கும் வழியைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் ஹங்கேட் என்ற அமெரிக்கர். ரூமெனையும் அதன் நுண்ணுயிர்களையும் பற்றி 1966-ல் அவர் எழுதிய நூல் இந்தத் துறைக்கு அடிப்படையாக அமைந்தது.

வைக்கோலில் உள்ள செல்லுலோஸை உடைக்கும் நொதி பசுவின் உடம்பில் சுரப்பதில்லை. நமக்கும் சுரப்பதில்லை. அந்த வேலையை நுண்ணுயிர்கள் செய்கின்றன. அவை நாரைப் புளிக்கவைத்து அசிட்டிக், புரோபியோனிக், பியூட்டிரிக் என்று சில அமிலங்களை வெளிவிடுகின்றன. ரூமெனின் சுவர் அவற்றை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கிறது. மாடு நடப்பதும் உழுவதும் பால் சுரப்பதும் பெரும்பாலும் இந்தப் புளிப்பின் பலத்தில்தான். அதன் ஆற்றலில் சுமார் 70 சதவீதம் இங்கிருந்தே வருகிறது. அதோடு முடியவில்லை. பெருகிய நுண்ணுயிர்கள் உணவோடு நகர்ந்து நான்காவது அறைக்குப் போகின்றன. நம்முடைய இரைப்பையைப் போலவே வேலை செய்யும் அறை அது. அங்கே அவையும் செரித்துப் புரதமாகின்றன. மாடு ஒரு மந்தையை உள்ளே மேய்த்து, கடைசியில் அந்த மந்தையையே உண்கிறது.

இந்த மந்தையைக் காப்பது எச்சில். ஒரு பசு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல் எச்சில் சுரக்கும். அதில் சமையல் சோடாவில் இருக்கும் அதே பைகார்பனேட் உண்டு. மரத்தடியில் படுத்து ஏழெட்டு மணி நேரம் அசைபோடும்போது அந்தச் சோடா நீர் இறங்கி, ரூமெனில் சேரும் அமிலத்தைத் தணித்துக்கொண்டே இருக்கும். வைக்கோல் முரடாக இருப்பது இந்த வகையில் ஒரு நன்மை. மெல்ல வைக்கும், எச்சிலை வரவழைக்கும்.

குழைய வெந்த பொங்கலை மெல்ல வேண்டியதே இல்லை. அது வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது, எச்சில் அதற்கேற்பச் சுரப்பதில்லை. மாவுச்சத்தைக் கண்டதும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியா தாறுமாறாகப் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. சாதாரணமாக 6-க்கும் 7-க்கும் இடையில் நிற்கும் காரஅமில நிலை 5-க்கும் கீழே சரிந்துவிடும். நாரைச் செரிக்கும் மந்தை செத்துப்போகிறது, ரூமெனின் அசைவு நிற்கிறது. உள்ளே சாறு அடர்ந்துவிடுவதால் இரத்தத்தில் இருக்கும் தண்ணீரும் அதற்குள் இழுபடுகிறது. மருத்துவரின் கைக்குத் தளும்பியது அந்தத் தண்ணீர்தான். வயிறு நிறையத் தண்ணீர் இருந்தும் மாடு நீரிழந்து சாகலாம். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அன்போடு கொண்டுவந்து கொட்டுகிறவர்களிடம் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பொங்கல் ஊட்டத்தான் வேண்டும் என்றால், புல்லோ வைக்கோலோ வயிறாரப் போட்ட பிறகு ஒரு கைப்பிடி போதும்.

இதெல்லாம் வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்ததல்ல. ஆராய்ச்சிப் பண்ணைகளில் சில மாடுகளின் இடது விலாவுக்குப் பின்னால் அறுவை செய்து, ரூமெனுக்கு நேராக ஒரு ரப்பர் வளையம் பொருத்தி மூடி போட்டிருப்பார்கள். புண் ஆறிய பிறகு அந்த மாடு மற்ற மாடுகளைப் போலவே தின்று, அசைபோட்டு, பல ஆண்டுகள் வாழும். மூடியைத் திறந்தால் வெதுவெதுப்பான ஆவியும் புளித்த புல்லின் மணமும் முகத்தில் அடிக்கும். சோதிக்க வேண்டிய தீவனத்தை எடைபோட்டு, சன்னமான கண்ணுள்ள நைலான் பையில் இட்டு, கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவார்கள். 24 மணி, 48 மணி என்று விட்டு எடுத்து, அலசி உலர்த்தி மறுபடி நிறுப்பார்கள். குறைந்த எடை நுண்ணுயிர்கள் தின்றது. புண்ணாக்குப் பையில் கொஞ்சம்தான் மிஞ்சும். வைக்கோல் பை இரண்டு நாள் கழித்தும் பாதிக்குக் குறையாமல் திரும்பி வரும்.

இத்தனை சிரமம் எதற்கு, ஆய்வகத்தில் தீவனத்தைச் சோதித்தால் போதாதா என்று தோன்றலாம். ஜெர்மனியின் வீண்டே என்ற ஊரில் 1860-களில் வகுத்த முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தீவனத்தின் நைட்ரஜன் அளவை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவார்கள். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் இந்தக் கணக்கு. வயலுக்குப் போடும் யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், 287 சதவீதப் புரதம் வரும்! உண்மையில் அதில் புரதம் துளியும் இல்லை. கோழிக்கோ பன்றிக்கோ அது உணவாகாது. ஆனால் ரூமென் மந்தைக்கு ஆகும். யூரியாவை அம்மோனியாவாக்கி, அந்த நைட்ரஜனைக் கொண்டு தன் உடம்பைக் கட்டிக்கொள்ளும். பின்லாந்தின் ஆர்ட்டுரி விர்ட்டனென் பசுந்தீவனத்தைக் கெடாமல் சேமிக்கும் முறைக்காக 1945-ல் வேதியியல் நோபல் பெற்றவர். புரதமே கலவாத தீவனத்தோடு யூரியாவும் அம்மோனியா உப்பும் மட்டும் கொடுத்துப் பசுக்களிடம் பால் கறந்து காட்டி, 1966-ல் அதை வெளியிட்டார். அந்தப் பாலின் புரதமெல்லாம் நுண்ணுயிர்கள் கட்டியது.

அதற்காக யூரியாவை அள்ளித் தொட்டியில் போட்டுவிடக் கூடாது. அம்மோனியா ஒரேயடியாகப் பெருகினால் சில மணி நேரத்துக்குள்ளேயே மாடு துடித்துச் செத்துவிடலாம். வறட்சிக் காலத்துக்குப் பாதுகாப்பான வழி வைக்கோலைப் பதப்படுத்துவது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா. அதை 40 முதல் 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி மூன்று வாரம் விட வேண்டும். உள்ளே உண்டாகும் அம்மோனியா நாரின் இறுக்கத்தைத் தளர்த்தும். எடுக்கும்போது வைக்கோல் பழுப்பேறி மெத்தென்று இருக்கும். மூக்கில் ஏறும் நெடி போகும்வரை ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். ரூமென் இன்னும் முதிராத கன்றுகளுக்கு இது ஆகாது.

ஆய்வகக் கணக்கை நம்பி ஏமாந்த கதை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அழுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. 1907-ல் அங்கே 16 கிடாரிகளை நான்கு நான்காகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மக்காச்சோளச் செடியிலிருந்து கிடைப்பது மட்டும், அடுத்ததற்குக் கோதுமை, மூன்றாவதற்கு ஓட்ஸ், நான்காவதற்கு மூன்றும் கலந்தது. புரதம், மாவு, கொழுப்பு எல்லாம் காகிதத்தில் ஒன்றே. மக்காச்சோளம் தின்றவை மினுமினுப்பாக வளர்ந்து திடமான கன்றுகளை ஈன்றன. கோதுமை தின்றவற்றின் கன்றுகள் காலத்துக்கு முன்பே பிறந்து, சில நாள்கூடத் தாங்காமல் செத்தன. 1911-ல் வெளியான அறிக்கை, அளந்த எதிலும் சிக்காத ஏதோ ஒன்று தீவனத்தில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வைத்தது. அந்த ஆய்வாளர்களில் ஒருவரான எல்மர் மெக்கல்லம் அதைத் தேடி எலிகளுக்கு மாறினார். அந்தத் தேடல் 1913-ல் வைட்டமின் ஏ-க்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சினைமாட்டுக்கு ஒரு கட்டு பசும்புல்லாவது வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவதற்குப் பின்னால் அந்தக் கன்றுகள் இருக்கின்றன.

பூனையின் கதை வேறு. அதன் உடம்புக்கு டாரைன் என்ற பொருள் தேவை. நாய் அதைத் தானே தயாரித்துக்கொள்ளும், பூனையால் போதுமான அளவு முடியாது. அது இறைச்சியிலும் மீனிலும் உண்டு, செடியில் கிட்டத்தட்ட இல்லை. அது குறைந்தால் இதயம் தளர்ந்து வீங்கும் என்பதை 1987-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் நிறுவினார்கள். கடையில் விற்கும் பூனைத் தீவனங்களில் டாரைனின் அளவு கூடியது அதன் பிறகுதான். தயிர்சாதத்தில் வளரும் நம் வீட்டுப் பூனை பிழைத்திருக்கிறது என்றால் எலிக்கும் பல்லிக்கும் அதில் பங்குண்டு. சைவ வீடுதான் என்றாலும் பூனையை அடைத்து வைத்து வளர்ப்பவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

நான் மறுபடி மறுபடி எடுத்துப் படிக்கும் கதை சூபாபுல் மரத்தினுடையது. சவுண்டல் என்றும் சொல்வார்கள். நம் ஊர் வேலியோரங்களில் நிற்கும் அதன் தழையில் புரதம் ஏராளம். கூடவே மிமோசின் என்ற நச்சும் உண்டு. ஆஸ்திரேலியாவில் அதைப் பெருமளவு மேய்ந்த மாடுகளுக்கு முடி கொட்டியது, தைராய்டு வீங்கியது. அதே தழையை ஹவாய்த் தீவின் ஆடுகள் ஒரு கெடுதலும் இல்லாமல் தின்றுகொண்டிருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், வேறுபாடு ஆட்டில் இல்லை, அதன் ரூமென் மந்தையில் இருக்கிறது என்று சந்தேகித்தார். 1980-களின் தொடக்கத்தில் அந்த நுண்ணுயிர்களை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்து அங்குள்ள கால்நடைகளின் வயிற்றில் சேர்த்தார்கள். நச்சு முறிந்தது. சில மாடுகளுக்குக் கொடுத்தது மந்தையின் மற்ற மாடுகளுக்கும் தானாகப் பரவியது. வேலையைச் செய்த பாக்டீரியாவுக்கு 1992-ல் அவர் பெயரைச் சேர்த்து சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள்.

பொங்கல் தின்ற மாட்டுக்கும் மருத்துவர் இதைத்தான் செய்கிறார். முதலில் நரம்பில் குளுக்கோஸும் உப்புநீரும் ஏறும். வாய்வழியே சோடா கரைசல் போகும். பிறகு நலமான ஒரு மாட்டின் ரூமென் சாற்றைத் துணியில் வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் சில லிட்டர் குழாய் வழியாக உள்ளே விடுவார். செத்த மந்தைக்குப் பதில் புது மந்தை. பிறகு காத்திருப்புதான். அந்தம்மா ராத்திரி முழுக்கத் தொழுவத்திலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். விடியும்போது ஒரு பிடி வைக்கோலை உதறி மாட்டின் முன்னால் போடுவார். மாடு மோந்து பார்க்கும், இரண்டு தாளை இழுக்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கழுத்தடியில் ஓர் உருண்டை மேலேறி வருவது தெரியும். கீழ்த்தாடை மெல்லப் பக்கவாட்டில் அசையத் தொடங்கும்.