அருகிருப்போர் அறிவு

நோய் தீர்க்கும் பணிக்கு உறுப்புகள் நான்கு என்பது திருவள்ளுவர் கண்ட வகை. நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து தொண்டு செய்பவன் என்பன அந்நான்கு. இறுதியில் கூறப்பட்டவரே இக்காலத்துச் செவிலியர். இறுதியில் எண்ணப்பட்டமையால் அவர்தம் பணி எளிதென்று கருதுதல் பிழையாகும். மருத்துவர் வந்து செல்வார். செவிலியரோ இரவும் பகலும் உடனிருப்பர். உடனிருப்போரின் அறிவே உயிர் காக்கும் என்பதற்கு மாரடைப்பு நோயாளர்க்குரிய தனி வார்டின் வரலாறு தக்க சான்றாகும்.

இதயம் ஒழுங்காகச் சுருங்கி விரிவதாலேயே குருதி உடலெங்கும் பாய்கின்றது. மாரடைப்பு நேர்ந்தவர் சிலர்க்கு இதயத்தின் கீழறைகள் திடீரென ஒழுங்கிழந்து நடுங்கத் தொடங்கும். அப்பொழுது குருதியோட்டம் நின்றுவிடும். உடனே மின்னதிர்ச்சி அளித்தால் இதயம் மீண்டும் முறையாக இயங்கக்கூடும். மார்பை அழுத்தி உதவுவாரும் இல்லையெனின், காலந்தாழ்க்கும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு வரை குறையும்.

மார்பைத் திறவாமலே மின்னதிர்ச்சி அளித்து உயிர் மீட்கலாம் என்பதை அமெரிக்க மருத்துவர் பால் சோல் 1956-இல் எடுத்துக்காட்டினார். எனினும் அதன் முழுப்பயன் நோயாளர்க்குக் கிட்டவில்லை. மாரடைப்பு நோயாளர் பல பொது வார்டுகளில் பிற நோயாளரிடையே சிதறிக் கிடந்தனர். இதயம் ஓசையின்றி நிற்கும். அதனை ஒருவர் கண்டறிவதற்குள் காலம் கடந்துவிடும். ஆகவே, அவர்களை ஓரிடத்தில் சேர்த்து, இதயத்துடிப்பை இடையறாது கண்காணித்து, பயிற்சி பெற்றோரை உடன் வைத்தல் வேண்டுமென்று பிரித்தானிய மருத்துவர் டெஸ்மண்ட் ஜூலியன் 1961-இல் எழுதினார். 1962-இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் இயூசு டே என்னும் மருத்துவர் அத்தகைய வார்டு ஒன்றை அமைத்தார்.

கருவி மட்டும் போதுமோ? போதாது. கருவி கோடுகளை வரைந்து காட்டும். அவற்றின் பொருளை அறிபவர் வேண்டும். கம்பி நழுவினாலும் திரையில் கோடு தாறுமாறாகும். பயின்ற செவிலியர் திரையைக் கண்டவுடன் நோயாளியின் முகத்தையும் நோக்குவார், நாடியைத் தொட்டறிவார். அவர் அமைதியாகப் பேசிக்கொண்டிருப்பின் பழுது கம்பியில் உள்ளது. நினைவிழந்து நாடியும் அடங்கியிருப்பின் பழுது இதயத்தில் உள்ளது. இவ்வேறுபாட்டை நொடியில் தெளிதலே சிறப்பறிவு.

தெளிந்தபின் மருத்துவர் வருமளவும் காத்திருத்தலும் தீங்காயிற்று. ஆதலின் பிலடெல்பியா நகரில் மருத்துவர் லாரன்ஸ் மெல்ட்சரும் செவிலியர் ரோஸ் பின்னியோவும் செவிலியர்க்கு இதயக் கோடுகளைப் படிக்கவும், நெருக்கடியில் தாமே மின்னதிர்ச்சி அளிக்கவும் பயிற்சி தந்தனர். இவர்கள் மற்றொரு மருத்துவருடன் சேர்ந்து, செவிலியர்க்கெனவே ஒரு கையேட்டை 1965-இல் வெளியிட்டனர். அதுவரை மருத்துவர்க்கே உரியதென எண்ணப்பட்ட செயல் அறிவுடைய செவிலியரின் கைக்கும் உரியதாயிற்று.

இதனால் பொது வார்டுச் செவிலியர் அறிவிற் குறைந்தவர் என்பது பொருளன்று. தனி வார்டில் இருப்பவர் ஒரு நோயைப் பன்முறை கண்டு ஆழமாக அறிகின்றார். பொது வார்டில் இருப்பவரோ பல நோய்களைக் கண்டு அகலமாக அறிகின்றார். முன்னது கிணற்றின் ஆழம். பின்னது ஏரியின் பரப்பு. ஊருக்கு இரண்டும் வேண்டும். மூச்சு விரைதல், நாடி தளர்தல், பேச்சுக் குழறுதல் முதலிய குறிகளைப் பொது வார்டுச் செவிலியர் காலத்தே கண்டு உரைத்தாலன்றித் தனி வார்டின் திறமை நோயாளிக்குப் பயன்படாது. எவ்வார்டில் இருப்பினும், கற்றலும் கவனித்தலும் தக்க பொழுதில் செய்தலும் ஒருங்கே அமைந்தவரே நல்ல செவிலியர். அத்தகையோர் அருகிருக்கும் கட்டிலே நோயாளிக்குக் காவலுடைய இடம்.