சூடேறிய டிரம்

பெங்களூரிலிருந்து சேலம் போகும் இரவுப் பேருந்தில் நன்றாகத் தூங்குகிறவர்கள்கூட தொப்பூர் கணவாய் வந்ததும் ஒருமுறை கண் விழிப்பார்கள். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இங்கே மலையிடுக்கில் வளைந்து வளைந்து இறங்குகிறது. முன்னால் போகும் லாரியின் பிரேக் கருகும் வாடை சன்னல் வழியே உள்ளே வரும். 2024 ஜனவரி 24 அன்று இந்த இறக்கத்தில் வாகனங்கள் ஒன்றோடொன்று மோதி நான்கு பேர் இறந்தார்கள். அந்தக் காட்சி செல்போன்களில் சுற்றியபோது அதிகம் காதில் விழுந்த பேச்சு, "டிரைவர் என்ன பண்ணிட்டிருந்தான்?" என்பதுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் கேள்வி கொஞ்சம் மாறும். 40 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய 4 கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 130 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. குறைந்த கியரில் இறங்கினால் எஞ்சினே அதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விட்டால் மொத்தமும் பிரேக் டிரம்மின் தலையில் விழும். சூட்டில் டிரம் விரிந்து பிரேக் ஷூவிடமிருந்து விலகும். லைனிங்கின் பிசின் ஆவியாகிப் பிடிமானம் குறையும். பதறிப்போய் இன்னும் ஓங்கி மிதித்தால் இருக்கிற சூடுதான் கூடும். விபத்து அடிவாரத்தில் நடந்திருக்கலாம். அது தொடங்கியது மேலே, கியர் மாற்றாத இடத்தில்.

"என்னால முடியல சார், ஆனா முடியலன்னு சொல்லவும் வெட்கமா இருக்கு" என்று சொல்லும் மனிதர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த டிரம்தான் நினைவுக்கு வருகிறது. ஐ.டி. ஊழியர், செவிலியர், படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொண்டே வேலைக்கும் போகிற பெண் என்று பலரும் இதைச் சொல்கிறார்கள்.

இந்த நிலைக்கு 'பர்ன்அவுட்' என்ற பெயரை ஆய்வுலகில் நிலைநிறுத்தியவர் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். பகலில் சொந்தத் தொழில், மாலையில் நியூயார்க்கின் இலவச மருத்துவமனை என்று உழைத்துத் தானே ஓய்ந்துபோனவர். 1974-இல் அவர் எழுதிய கட்டுரை, ஈடுபாடு மிக்கவர்கள்தான் எளிதில் எரிந்துபோகிறார்கள் என்றது. பிறகு உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் இதன் மூன்று முகங்களை வகுத்தார்: தீராத களைப்பு, வேலைமீதும் மனிதர்கள்மீதும் வரும் கசப்பு, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம். மூன்றாவதைக் கவனியுங்கள். தன்னையே பழிப்பது அந்த நிலையின் ஓர் அறிகுறி. நாமோ அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லவில்லை. சமாளிக்கப்படாமல் நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்றது. சாலையின் சாய்வே பிரச்சினையாக இருக்கும்போது லாரியை மட்டும் பணிமனைக்கு அனுப்பிப் பயனில்லை. தொப்பூரிலும் எத்தனையோ காலம் டிரைவரைத் திட்டிப் பார்த்தாகிவிட்டது. கடைசியில் சுமார் 6.6 கி.மீ. நீளத்துக்கு உயர்மட்டச் சாலை போடும் திட்டத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். பணியிட அழுத்தத்துக்கு அந்த லாரி டிரைவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்றது. நெடுஞ்சாலை தாபாவில் எந்த டிரைவரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

சரி, தன்னைத் திட்டிக்கொண்டால் உடம்பில் என்ன நடக்கிறது? சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமனி என்ற ஆய்வாளர்கள் 2004-இல் 208 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் மிக அதிகமாகச் சுரந்தது இரண்டு விஷயங்கள் சேர்ந்த இடத்தில்: பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற உணர்வு, நிலைமை நம் கையில் இல்லை என்ற உணர்வு. 'நாலு பேர் என்ன நினைப்பாங்க' என்று நள்ளிரவில் புரண்டு படுக்கும்போது நாமே நமக்கு அந்தச் சோதனைக்கூடத்தை அமைத்துக்கொள்கிறோம். ஓங்கி மிதிப்பது என்று சொன்னேனே, அது இதுதான்.

"மனசை விட்டுப் பிடிச்சா சோம்பேறி ஆயிடுவோம்" என்ற பயம் நம் ஊரில் பலமானது. பள்ளிக்கூடப் பிரம்பிலிருந்து வந்த பயம் என்று நினைக்கிறேன். ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. 2012-இல் ஜூலியானா பிரைனஸ், செரினா சென் என்ற ஆய்வாளர்கள் ஒரு தேர்வில் சறுக்கிய மாணவர்களில் ஒரு பகுதியினரை, தங்களிடமே பரிவாக இருக்கத் தூண்டினார்கள். அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தவர்கள் அவர்கள்தான்.

'எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு' என்பது மலைப்பாதை டிரைவர்களின் பாடம். இதில் முக்கியம் கியரைவிட நேரம்: இறக்கம் தொடங்கும் முன்பே மாற்ற வேண்டும், வேகம் பிடித்தபின் கியர் விழாது. முழுக்க ஓய்ந்தபின் ஒரு வாரம் கொடைக்கானல் போய் வருவதைவிட, இன்றைய பட்டியலில் ஒரு வேலையை நாளைக்குத் தள்ளுவதும், இரவு ஒன்பதுக்கு மேல் அலுவலக வாட்ஸ்அப்பைத் திறக்காமல் இருப்பதும், "இதை நீ பாத்துக்கறியா?" என்று தம்பியிடமோ கணவரிடமோ கேட்பதும் கியர் மாற்றுவதுதான். கேட்க ஆளே இல்லாதவர்களும், மேலதிகாரி விடாதவர்களும் உண்டு. அவர்களிடம் மூச்சுப்பயிற்சி செய் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது களைப்பு மட்டுமாக இருக்காது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் கட்டணமில்லாமல், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

பிரேக் சூடாகிவிட்ட லாரியை அனுபவசாலிகள் ஓரங்கட்டிவிட்டு ஒரு டீ குடிப்பார்கள். புதிதாக வந்த கிளீனர் பையன் அவசரப்பட்டுக் குடத்துத் தண்ணீரை டிரம்மில் ஊற்றப் போனால் தடுப்பார்கள். கொதிக்கிற வார்ப்பிரும்பில் சட்டென்று குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். "அதுவா ஆறட்டும்டா" என்று சொல்லிவிட்டு இன்னொரு டீ சொல்வார்கள்.