சாதன இயக்கிகளில் நினைவக ஒதுக்கீடும் தாமதமும்: லினக்ஸ் கெர்னலை முன்வைத்து

முன்னுரை

வன்பொருளுக்கும் இயங்குதளத்திற்கும் இடையே நின்று பணியாற்றும் நிரல் சாதன இயக்கி எனப்படும். பயனர் நிரல் ஒன்று நினைவகம் கேட்டுக் காத்திருக்க நேர்ந்தால் பெரும்பாலும் அந்நிரல் மட்டுமே மெதுவாகும். இயக்கி காத்திருந்தாலோ வன்பொருள் அதற்காக நிற்பதில்லை. வலையட்டைக்கு வரும் தரவு வந்துகொண்டே இருக்கும். ஆகவே இயக்கியைப் பொறுத்தவரை நினைவக ஒதுக்கீடு எவ்வளவு விரைவானது என்பதைவிட, அது எத்தருணத்தில் நிகழ்கிறது என்பதே முதன்மையான வினாவாகும். இக்கட்டுரை அவ்வினாவை லினக்ஸ் கெர்னலின் நடைமுறைகளைக் கொண்டு விளக்குகிறது.

காத்திருக்கத்தக்க இடமும் தகாத இடமும்

லினக்ஸ் இயக்கிகள் சிறிய அளவு நினைவகத்தைப் பெரும்பாலும் கேமல்லாக் என்னும் செயற்கூற்றின் வழியே பெறுகின்றன. அதன் அடியில் இருப்பது ஸ்லாப் வகை ஒதுக்கி. ஒரே அளவுள்ள நினைவகத் துண்டுகளை அடுக்கி வைத்து, கேட்டவுடன் எடுத்துத் தரும் இம்முறையை ஜெஃப் பான்விக் 1994இல் சன் நிறுவனத்தின் சோலாரிஸ் இயங்குதளத்தை ஒட்டி விவரித்தார். அடுக்கில் துண்டு இருக்கும்வரை ஒதுக்கீடு சில பத்து நானோநொடிகளில் முடிந்துவிடும். அடுக்கு தீர்ந்தால் பக்க ஒதுக்கியிடம் புதிய பக்கம் பெற வேண்டும். அங்கும் இருப்பு குறைந்திருந்தால் கெர்னல் பழைய பக்கங்களை மீட்கத் தொடங்குகிறது. சில வேளைகளில் ஒரு பக்கம் வட்டில் எழுதி முடியும்வரை காத்திருக்கவும் நேரும். நானோநொடிக் கணக்கு மில்லிநொடிக் கணக்காக நீள்வது இவ்விடத்தில்தான். சராசரியை மட்டும் அளப்பவர் கண்ணில் இது படுவதில்லை.

கேட்பவர் காத்திருக்க இயலுமா என்பதை ஒவ்வோர் அழைப்பிலும் ஒரு கொடி தெரிவிக்கிறது. ஜிஎஃப்பி_கெர்னல் என்னும் கொடி, தேவையானால் உறங்கலாம் என்று இசைவளிக்கிறது. ஜிஎஃப்பி_அட்டாமிக் உறக்கத்தைத் தடுக்கிறது. அதற்கு ஈடாக, நெருக்கடிக்கென ஒதுக்கிய இருப்பின் ஒரு பகுதியைத் தொடவும் உரிமை தருகிறது. குறுக்கீட்டுக் கையாளுநருக்குள் இரண்டாவது கொடியே பொருந்தும். அங்கே உறங்க வைத்துப் பின்னர் எழுப்புவதற்குரிய செயல்முறை ஏதும் இல்லை. ஸ்பின்லாக் பூட்டை வைத்திருக்கும் பகுதிக்கும் இதுவே விதி. பூட்டை வைத்திருப்பவர் உறங்கினால், அதற்காகச் சுழன்று காத்திருக்கும் மற்றொரு கரு முடங்கிப்போகும். அட்டாமிக் என்பதை ‘விரைவானது’ என்று பொருள்கொள்வது பரவலான பிழை. அக்கொடி ஒதுக்கீட்டை விரைவுபடுத்துவதில்லை. காத்திருக்க நேருமிடத்தில் தோல்வியைத் திருப்பியனுப்புகிறது. தோல்விக்கு விடை எழுதாத இயக்கி, நினைவகம் நெருக்கடியாகும் நாள்வரை மட்டுமே சரியாக ஓடும்.

2024இல் வெளியான லினக்ஸ் 6.12இன் மூல நிரலில் முழு நிகழ்நேர வசதி இடம்பெற்றது. அவ்வமைப்பில் ஒதுக்கியின் உள்ளிருக்கும் பூட்டுகளே உறங்கக்கூடியவையாக மாறுவதால், உண்மையிலேயே இடைமறிக்க இயலாத பகுதியில் அட்டாமிக் கொடியுடன்கூட வழக்கமான ஒதுக்கியை அழைக்கலாகாது.

வலையட்டையின் வளையம்

10 கிகாபிட் ஈதர்நெட் இணைப்பில் மிகச் சிறிய சட்டகம் 64 பைட்டுகள் கொண்டது. முன்குறியும் இடைவெளியும் சேர்ந்தால் 84 பைட்டுகள். அவ்வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 இலட்சத்து 80 ஆயிரம் பொதிகள் வரலாம். ஒரு பொதிக்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோநொடி. முதன்மை நினைவகத்தை ஒருமுறை அணுகவே ஏறத்தாழ இவ்வளவு நேரம் ஆகக்கூடும்.

எனவே இயக்கி தன் பணியைத் தொடங்கும்போதே இடையகங்களைப் பெற்று, அவற்றின் முகவரிகளை ஒரு வளையத்தில் நிரப்பி வைக்கிறது. வலையட்டை மையச் செயலகத்தைக் கேளாமல் நேரடியாக அவற்றில் எழுதுகிறது. பொதி வந்ததும் இயக்கி செய்யவேண்டிய பணிகளின் வரிசையில் ஒரு நுட்பம் உண்டு. முதலில் புதிய இடையகத்தைப் பெற்ற பின்னரே, நிரம்பிய இடையகத்தை மேலடுக்கிற்குக் கொடுக்க வேண்டும். புதியது கிடைக்காவிடில் வந்த பொதியைக் கைவிட்டு, பழைய இடையகத்தையே வளையத்தில் மீண்டும் வைக்க வேண்டும். தரவை இழப்பது தவறெனத் தோன்றலாம். மாறாக, ஒவ்வோர் இடமாக வெறுமையாக விட்டுச் சென்றால் இறுதியில் வளையம் முழுவதும் காலியாகும். எழுத இடமில்லாத அட்டை பொதி வந்ததாகக் குறுக்கீடு எழுப்பாது. குறுக்கீடு எழாததால் வளையத்தை நிரப்பும் நிரலும் ஓடாது. நினைவகம் மீண்டும் கிடைத்த பின்னரும் இணைப்பு ஊமையாகவே கிடக்கும். கைவிட்ட பொதியையோ டிசிபி நெறிமுறை மீண்டும் அனுப்பச் செய்துவிடும்.

வளையத்தைப் பெரிதாக்கினால் சிக்கல் தீரும் என்பதும் பாதி உண்மையே. 4096 இடங்கள், ஒவ்வொன்றும் 2 கிலோபைட் என்றால் ஒரு வரிசைக்கே 8 மெகாபைட் முடங்குகிறது. 1500 பைட் தரவு கொண்ட முழுப் பொதிகளால் அவ்வளையம் நிறைந்திருந்தால், அதே 10 கிகாபிட் வேகத்தில் ஏறத்தாழ 5 மில்லிநொடி அளவு தரவு அங்கே வரிசையில் நிற்கிறது என்று பொருள். இழப்பு குறைகிறது, தாமதம் கூடுகிறது.

இவ்விரண்டிற்கும் இடையிலான வழி, பயன்படுத்திய பக்கங்களை மறுசுழற்சி செய்வது. 2018இல் லினக்ஸ் 4.18இல் சேர்ந்த பேஜ் பூல், மேலடுக்கு விடுவித்த பக்கங்களைப் பொது ஒதுக்கிக்கு அனுப்பாமல் இயக்கிக்கே திருப்பித் தர வழிசெய்தது.

வட்டு இயக்கியின் முட்டுக்கட்டை

வட்டு இயக்கிக்குக் கைவிடும் உரிமை இல்லை. நினைவகம் குறையும்போது கெர்னல் மாற்றப்பட்ட பக்கங்களை வட்டில் எழுதி இடத்தை மீட்க முயல்கிறது. அந்த எழுத்துக் கோரிக்கையை உருவாக்கவே இயக்கிக்கு நினைவகம் தேவை. அதற்காக அது காத்திருந்தால், தன்னால் விடுவிக்கப்பட வேண்டியதற்காகத் தானே காத்திருப்பதாகும். ஜிஎஃப்பி_நோஐஓ என்னும் கொடி, இக்கோரிக்கைக்காகப் புதிய வட்டுப் பணியைத் தொடங்காதே என்று ஒதுக்கிக்கு அறிவித்து இச்சுற்றை அறுக்கிறது.

இதனோடு சேர்ந்து இயங்குவது மெம்பூல் என்னும் தனிச் சேமிப்பு. வழக்கமான ஒதுக்கீடு தோற்றால் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்த சேமிப்பிலிருந்து அது தருகிறது. அதுவும் தீர்ந்தால், முன்னர் அனுப்பிய கோரிக்கை ஒன்று முடிந்து தன் நினைவகத்தைத் திருப்பும்வரை காத்திருக்கச் சொல்கிறது. மெம்பூல் விரைவுக்கு உறுதி கூறுவதில்லை. பணி என்றேனும் நகரும் என்பதற்கே உறுதி கூறுகிறது. அவ்வுறுதியும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. ஒரே சேமிப்பிலிருந்து முதலாவதை அனுப்பாமல் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கேட்கலாகாது. பலரும் அவ்வாறு செய்தால் ஒருவரும் திருப்பித் தராமல் எல்லோரும் காத்திருக்க நேரும். வேறு வட்டு இயக்கியின்மேல் அடுக்கப்படும் டிவைஸ் மேப்பர் போன்ற இயக்கிகள் தமக்கெனத் தனிச் சேமிப்பு வைத்துக்கொள்வது இதன் பொருட்டே.