வருமானச் சான்றிதழின் அசல் எங்கே இருக்கிறது?

காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 29 அன்று தனி மாவட்டமான செங்கல்பட்டில், மாமல்லபுரத்திலோ செய்யூர் வட்டத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றிலோ வாழும் மாணவர் கல்லூரியில் சேர்ந்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால், அவருக்குச் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் தேவைப்படுகின்றன; குடும்பத்தில் முதலில் பட்டம் பயில்பவராக இருந்தால் கல்விக் கட்டணச் சலுகைக்காக முதல் பட்டதாரிச் சான்றிதழும் வேண்டும். ஒரு காலத்தில் பச்சை மைக் கையொப்பமும் அலுவலக முத்திரையும் தாங்கித் தாளாகக் கிடைத்த இவை, இன்று தமிழ்நாடு அரசின் இசேவைத் தளத்திலிருந்து பிடிஎஃப் கோப்பாகவே கிடைக்கின்றன. அந்தக் கோப்பில் பேனா படவில்லை, முத்திரை விழவில்லை. ஆனாலும் அது வட்டாட்சியர் தம் கையால் ஒப்பமிட்ட தாளுக்குச் சட்டப்படி நிகரானது.

இந்த மதிப்பைத் தந்தது 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம். எந்த ஆவணத்தில் கையொப்பம் வேண்டும் என்று வேறொரு சட்டம் சொல்கிறதோ, அந்தத் தேவையை விதித்த முறைப்படி இடப்பட்ட மின் கையொப்பம் நிறைவு செய்துவிடும் என்கிறது அதன் 5ஆம் பிரிவு. தொடக்கத்தில், கீழே விளக்கப்படும் கணித முறை ஒன்றை மட்டுமே ஏற்றிருந்த இச்சட்டம், 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் வழியே வேறு மின்னணு முறைகளுக்கும் இடம் கொடுத்தது. உயிலும் அறக்கட்டளை ஆவணமும் இன்றுவரை சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்பதால், அவற்றை மின் கையொப்பத்தால் முடிக்க இயலாது. உதவித்தொகை தொடர்பான எந்தத் தாளுக்கும் அத்தகைய விலக்கு இல்லை.

இசேவை மையத்தில் விண்ணப்பம் பதிவானதும் அது கிராம நிர்வாக அலுவலரின் கணினிக்கும், அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கும், பிறகு சான்றிதழின் வகையைப் பொறுத்து மண்டலத் துணை வட்டாட்சியருக்கோ வட்டாட்சியருக்கோ செல்கிறது; பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழை மட்டும் வருவாய்க் கோட்டாட்சியரே வழங்க வேண்டும். ஒப்புதல் தரும் அலுவலரிடம் பென் டிரைவ் போன்ற சிறு கருவி ஒன்று இருக்கும். டோக்கன் எனப்படும் அக்கருவிக்குள், அவருக்கு மட்டுமே உரிய நீண்ட எண் ஒன்று வெளியே எடுக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது. இதற்குத் தனித்திறவி என்று பெயர். இதற்கு இணையான பொதுத்திறவி எவரும் பார்க்கக்கூடியது. ஒன்றால் பூட்டியதை மற்றொன்றால் மட்டுமே திறக்க முடியும் என்பதும், பொதுத்திறவியை வைத்துக்கொண்டு தனித்திறவியைக் கணக்கிட்டுக் கண்டுபிடிப்பது நடைமுறையில் இயலாது என்பதும் இம்முறையின் அடிப்படை. இக்கருத்தை 1976இல் அமெரிக்க ஆய்வாளர்களான டிஃபியும் ஹெல்மனும் முன்வைத்தனர். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவரும் அதற்குச் செயல்வடிவம் கொடுத்தனர்.

கையொப்பமிடும்போது நடப்பது இதுதான். சான்றிதழில் உள்ள பெயர், தொகை, நாள் என ஒவ்வோர் எழுத்தையும் கணினி ஒரு கணிதச் சூத்திரத்துக்குள் செலுத்தி, கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 64 குறிகளுக்குள் அடங்கும் சுருக்கம் ஒன்றை உருவாக்குகிறது. அந்தச் சுருக்கத்தை அலுவலரின் தனித்திறவியால் பூட்டிக் கோப்பிலேயே வைத்துவிடுகிறது. பின்னர் அதைச் சரிபார்ப்பவரின் கணினி, பொதுத்திறவியால் பூட்டைத் திறந்து பழைய சுருக்கத்தை எடுத்து, தன் முன் இருக்கும் கோப்பிலிருந்து புதிதாகக் கணக்கிட்ட சுருக்கத்தோடு ஒப்பிடுகிறது. ஆண்டு வருமானம் 92,000 ரூபாய் என்றிருந்ததை யாரேனும் 72,000 என்று மாற்றியிருந்தால், மாறியது ஓர் இலக்கம்தான் என்றாலும் சுருக்கம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். தாளில் இருந்த பழைய கையொப்பம், தனக்கு மேலே உள்ள வரி திருத்தப்பட்டதை அறியாது. மின் கையொப்பம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பொதுத்திறவி இன்னாருடையதுதான் என்பதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அடுத்து எழுகிறது. சான்றளிக்கும் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று அலுவலரின் அடையாளத்தை ஆராய்ந்து, ஒன்று முதல் மூன்று ஆண்டுகள்வரை செல்லுபடியாகும் இலக்கமுறைச் சான்று ஒன்றை அவருக்கு அளிக்கிறது. அந்த நிறுவனத்துக்கு, மத்திய அரசின் சான்றளிப்பு அதிகார அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர் தம் மூலச் சான்றால் ஒப்பமிடுகிறார். கீழே இருப்பவரை மேலே இருப்பவர் உறுதிசெய்யும் இந்தச் சங்கிலி, இம்மண்ணுக்குப் பழக்கமில்லாத ஒன்றன்று. திருக்கழுக்குன்றத்துக் கல்வெட்டு ஒன்று, ஸ்கந்தசிஷ்யன் என்னும் அரசன் அங்குள்ள கோயிலுக்கு விட்ட நிலத்தை வாதாபி கொண்ட பல்லவ மன்னர் நரசிங்கப் போத்தரையர் அவ்வாறே காத்தார் என்று கூறி, இராசகேசரியான சோழன் அதை மீண்டும் உறுதிசெய்ததைப் பதிவுசெய்கிறது. பல்லவர் செப்பேடுகளிலும் ஏடுகளை வளையம் ஒன்றில் கோத்து, அதன் முனைகளை அரச முத்திரைக்குள் பொருத்தியிருப்பதால், முத்திரையைச் சிதைக்காமல் ஓர் ஏட்டை நுழைக்கவோ உருவவோ முடியாது. யார் தந்தது, தந்தபின் மாற்றப்பட்டதா என்னும் இரண்டு கேள்விகளுக்கும் அன்றைய அறிவு கண்ட விடைகள் இவை என்பதை, மின் கையொப்பத்தை அந்நியமாகக் கருதுவோர் எண்ணிப்பார்க்கலாம்.

மாணவர்களைப் பெரிதும் குழப்புவது கணினித் திரையில் தோன்றும் ஒரு கேள்விக்குறி. பதிவிறக்கிய சான்றிதழை அடோபி ரீடரில் திறந்தால், கையொப்பம் இருக்கும் இடத்தில் மஞ்சள் நிறக் கேள்விக்குறியும், செல்லுபடி தெரியவில்லை என்னும் பொருள்படும் வரியும் தோன்றுவதுண்டு. அந்த மென்பொருள் தானாக நம்பும் பட்டியலில் இந்தியக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்று இடம்பெறாததே பெரும்பாலும் இதற்குக் காரணம். கையொப்பத்தின் மீது சொடுக்கி, அதன் விவரங்களில் மூலச் சான்றைத் தேர்ந்து, நம்பத்தக்கவற்றில் சேர்த்து மறுபடி சரிபார்த்தால், கேள்விக்குறி மறைந்து பச்சைக் குறி தோன்றும். கேள்விக்குறி தெரிவதாலேயே சான்றிதழ் போலி என்று திருப்பி அனுப்புவது அநீதி. கைப்பேசியில் உள்ள பல செயலிகள் கையொப்பத்தைச் சரிபார்ப்பதே இல்லை என்பதால், அவற்றில் கேள்விக்குறி தெரியாமல் இருப்பதும் எதையும் மெய்ப்பிக்காது.

அச்சிட்டவுடன் நிலைமை அடியோடு மாறுகிறது. கையொப்பம் கோப்பின் தரவோடு பிணைந்தது; தாளில் விழுவது அதன் தோற்றம் மட்டுமே. அதனால்தான் சான்றிதழில் அதற்குரிய எண்ணும் கியூஆர் குறியீடும் தரப்படுகின்றன. அவற்றைக் கொண்டு அரசின் தளத்தில் உள்ள பதிவோடு தாளை ஒப்பிடலாம். நடைமுறையிலோ, கோப்பை பிரவுசிங் சென்டரில் அச்சிட்டு, அதை ஜெராக்ஸ் எடுத்து, அட்டெஸ்டேஷன் வாங்கி, மறுபடி ஸ்கேன் செய்து, இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்புக்காகச் சுருக்கிப் பதிவேற்றச் சொல்லும் வழக்கம் இன்னும் விடவில்லை. இந்தச் சுற்றில் உயிருள்ள கையொப்பம் முதல் படியிலேயே போய்விடுகிறது. கியூஆர் குறியீடும் கடைசிப் படியில் படிக்க முடியாமல் மங்கிவிடுகிறது. மாணவர் காசும் நாளும் செலவழித்து, தம்மிடமிருந்த வலுவான ஆவணத்தை வலுவற்றதாக்கிக் கொடுக்கிறார். இது அவருடைய குற்றமன்று, கேட்பவரின் குற்றம். இசேவைத் தளத்திலிருந்து இறக்கிய கோப்பை அப்படியே ஏற்று, சான்றிதழ் எண்ணைத் தளத்தில் இட்டுப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே போதும்.

கையொப்பத்தைத் தாளில் போட்டுப் படமெடுத்து, அந்தப் படத்தைக் கல்லூரியின் போனஃபைடு சான்றிதழில் ஒட்டிப் பிடிஎஃப் ஆக்குவது இன்னொரு பரவலான பிழை. பார்வைக்கு அது உண்மையான கையொப்பத்தைவிட அழகாகவே இருக்கும். ஆனால் படத்தை யார் வேண்டுமானாலும் வெட்டி வேறொரு தாளில் ஒட்டலாம், ஒட்டியதற்குச் சுவடும் இராது. முறையான டோக்கனை வாங்கிய கல்லூரியில்கூட, முதல்வரின் டோக்கனும் கடவுச்சொல்லும் அலுவலக உதவியாளரின் மேசையில் கிடந்தால் பயனில்லை. தனித்திறவியைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதை உரியவரின் கடமையாக்குகிறது சட்டத்தின் 42ஆம் பிரிவு. பிறருடைய மின் கையொப்பத்தை மோசடியாகப் பயன்படுத்துவோருக்கு மூன்றாண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்கிறது 66-சி பிரிவு.

டோக்கன் இல்லாத மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் படிவங்களில் ஒப்பமிட, 2015இல் விதிகள் வகுக்கப்பட்ட இ-சைன் சேவை உதவுகிறது. ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு வரும் ஓடிபி வழியே அடையாளம் உறுதியானதும், அந்த ஒரு கையொப்பத்துக்காகவே ஒரு திறவி உருவாகி, பயன்பட்டவுடன் அழிக்கப்படுகிறது. அதற்கான சான்றின் ஆயுள் 30 நிமிடங்களே. சான்று காலாவதியானாலும், அது உயிரோடு இருந்தபோது இடப்பட்ட கையொப்பம் செல்லும். கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டு ஆதாரில் புதுப்பிக்காத குடும்பங்கள் இங்கேதான் தடுக்கி நிற்கின்றன.

மின் கையொப்பத்தால் ஆகாத காரியம் ஒன்றும் உண்டு. யார் ஒப்பமிட்டார், பிறகு கோப்பு மாறியதா என்பதை அது சொல்லுமே தவிர, எழுதப்பட்ட செய்தி உண்மையா என்பதைச் சொல்லாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான மேற்படிப்பு உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு வருமானத்தைச் சம்பளச் சீட்டிலிருந்தே எடுத்துவிடலாம். மீன்பாட்டை நம்பிக் கடலுக்குப் போகிறவருக்கும், சிற்பக் கூடத்தில் கிடைத்த வேலைக்குக் கூலி வாங்குகிறவருக்கும் கிராம நிர்வாக அலுவலர் நேரில் விசாரித்துத்தான் எழுத வேண்டும். வடநெம்மேலியைச் சுற்றியும் மாவட்டத்தின் உட்பகுதிகளிலும் வாழும் இருளர்களின் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் தாமதமாவது, வருவாய்க் கோட்டாட்சியர் டோக்கனைச் செருகும் அந்த நொடியிலன்று; அதற்கு முன், பழைய பதிவு எதுவும் இல்லாத குடும்பத்தைப் பற்றிக் கீழ்நிலையில் எழுதப்பட வேண்டிய விசாரணை அறிக்கையில்.