சுரங்களுக்கு இடையே

கணினியில் இசையைத் தொகுக்கும் செயலிகள் பல, தொடக்கத்தில் ஒவ்வொரு சுரத்தையும் பியானோ கட்டையைப் போல் நேரான பட்டையாகவே காட்டின. சுரத்துக்குச் சுரம் குரல் அசைந்தும் வழுக்கியும் செல்லும் கமகம் அதில் அடங்கவில்லை. பின்னர், குரலின் ஏற்ற இறக்கத்தை வளைகோடாகக் காட்டித் திருத்தும் வசதி உருவாயிற்று.

இதே சிக்கலுக்கு எட்டயபுரம் தாளிலேயே விடை கண்டது. 1890களில் சின்னசாமி முதலியார் கருநாடக இசையை ஐரோப்பிய ஐந்துகோட்டு முறையில் அச்சிட்டார். எட்டயபுரம் அரசவைக் கலைஞர் சுப்பராம தீட்சிதரோ, நாம் அறிந்த ச, ரி, க, ம எழுத்துகளையே வைத்துக்கொண்டு கமகக் குறிகளைச் சேர்த்தார். அசைவாகிய கம்பிதத்துக்கு அலைக்கோடு. வழுக்கி ஏறும் ஏற்ற ஜாருவுக்கு மேல்நோக்கிய சாய்கோடு. இறக்க ஜாருவுக்குக் கீழ்நோக்கிய சாய்கோடு. பாடுவோர் கண்டவுடன் குரலின் போக்கை உணரலாம்.

இம்முறையில் அமைந்த ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ தெலுங்கு எழுத்தில், 1904ஆம் ஆண்டு எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் வெளிவந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் பல இந்நூலால் கமகத்தோடு நமக்குக் கிடைத்தன. 1906இல் சுப்பராம தீட்சிதர் மறைந்தார். குருவின் வாய்மொழியாக மட்டுமே வழங்கிவந்த நுட்பங்கள் அவரோடு மறைந்துவிடவில்லை.