செயற்கைக் கருவிழி பொருத்தப்பட்டோரின் பார்வைத்திறன் சோதனை: திருச்சிராப்பள்ளி – திருவரங்கச் சூழலை முன்வைத்து

முன்னுரை

ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தும் தெளிந்த முன்படலம் கருவிழியாகும். அது மங்கினால் கொடையாகப் பெற்ற கருவிழியைப் பொருத்துவது வழக்கம். அம்முறை மீண்டும் மீண்டும் தோல்வியுற்றோருக்கும், சுண்ணாம்பு, அமிலம் ஆகியவற்றால் கண் வெந்தோருக்கும் செயற்கைக் கருவிழி பொருத்தப்படுகிறது. மதுரை அரோலேப் நிறுவனம் இதனைத் தயாரிக்கிறது. நோயாளியின் பல்லையே தாங்கியாக்கும் முறை சென்னை சங்கர நேத்ராலயாவில் மேற்கொள்ளப்படுகிறது. இவர்களது பார்வையை எழுத்து அட்டையால் மட்டும் அளவிடுவது போதாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கூர்மையும் ஒளிவேறுபாடும்

எழுத்து அட்டை நடுப்பார்வையின் கூர்மையை மட்டுமே அளக்கிறது. அதுவும் வெள்ளைப் பின்னணியில் அமைந்த கறுப்பு எழுத்துகளைக் கொண்டு அளக்கிறது. திருவரங்கத்தின் வெயில் படர்ந்த சித்திரை வீதியிலிருந்து மங்கிய ஒளியுடைய மண்டபத்துள் நுழைபவர், கருங்கல் தரையில் கருங்கற்படியைப் பிரித்தறிய வேண்டும். இத்திறனைப் பெல்லி–ராப்சன் அட்டை அளக்கிறது. அதில் எழுத்துகளின் அளவு மாறாது. கருமை மட்டும் படிப்படியாகக் குறையும்.

பார்வைப்புலம்

இயல்பான ஒரு கண் கிடைமட்டமாக ஏறத்தாழ 150 பாகை அளவு காணும். பல் தாங்கிய செயற்கைக் கருவிழியின் ஒளிக்குழல் குறுகியது. ஆதலால் பார்வைப்புலமும் சுருங்கும். இராசகோபுரத்தின் சிற்பங்களைத் தெளிவாகக் காண்பவரும் பக்கத்தில் வரும் வண்டியைக் காணாதிருக்கலாம்.

கண்ணழுத்தம்

செயற்கைக் கருவிழி பொருத்தியோருக்குக் கிளாக்கோமா பேரிடராகும். கண்ணழுத்தமானி கருவிழியைச் சிறிது அழுத்தியே அளக்கிறது. கடினமான பிளாஸ்டிக் அவ்வழுத்தத்திற்கு வளையாது. எனவே மருத்துவர் மூடிய இமைமீது விரல்களால் அழுத்தியே தோராயமாக மதிப்பிடுகிறார். நோய் பெரும்பாலும் ஓரப்பார்வையை முதலில் அழிப்பதால், அட்டையின் கடைசி வரியைப் படிப்பவரும் தம் இழப்பை உணரார். இழந்த பார்வை மீளாது. ஆகவே பார்வைப்புலச் சோதனையும் பார்வை நரம்பின் ஆய்வுமே உரிய சான்றுகளாகும்.

முடிவுரை

அறுவைக்குப்பின் கண் நிலைபெற்றதும் எடுக்கப்படும் முதல் பார்வைப்புலப் பதிவே பின்வரும் ஒப்பீடுகளுக்கு அடிப்படை. ஒரே வகைக் கருவியால், ஒரே முறையில் சோதித்தாலன்றி ஒப்பீடு பயன்தராது. அறுவை மதுரையிலோ சென்னையிலோ நிகழ்ந்தாலும், இடைக்காலச் சோதனைகளைத் திருச்சிராப்பள்ளியிலேயே செய்து பதிவுகளை அறுவை மருத்துவருக்கு அனுப்பலாம். பயணச் சுமையால் சோதனை தவறாதிருக்க இது துணைசெய்யும். பார்வையை மீட்டுத் தருவது அறுவை. அதனைக் காப்பது தொடர்சோதனை.