உஷார்! மொட்டை மாடியை எழுதிக் கொடுக்கப் போகிறீர்களா?

பாண்டியில் சாலை முனையில் வீடு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். இந்திரா காந்தி சதுக்கம், ராஜீவ் காந்தி சதுக்கம், மறைமலையடிகள் சாலைப் பக்கம் உங்கள் மாடி தூரத்திலிருந்தே தெரிகிறது என்றால், விளம்பர ஏஜென்சிக்காரர் வீடு தேடி வருவார். "சும்மா கிடக்கிற மாடிதானே சார், மாசாமாசம் வாடகை வந்துடும்" என்பார். ஒரு கையில் அட்வான்ஸ் செக், இன்னொரு கையில் ஆங்கிலத்தில் அடித்த அக்ரிமென்ட். கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் பென்சில் டிக் தயாராக இருக்கும்.

வாடகைத் தொகை இருக்கும் பக்கத்தை எல்லோரும் படிக்கிறார்கள். வினை வேறு பக்கத்தில் இருக்கிறது. மாடி, முகப்பு, பக்கச்சுவர், சுற்றுச்சுவர் அனைத்திலும் விளம்பரம் வைக்கும் தனியுரிமை ஏஜென்சிக்கே. உரிமையாளரோ அவரிடம் குடியிருப்பவரோ வேறு எந்த விளம்பரமும் வைக்கக்கூடாது. இப்படி ஒரு நீண்ட வாக்கியம் இருந்தால், கீழே மருந்துக் கடை வைத்திருப்பவர் புது போர்டு மாட்டினாலும் உங்களுக்கு நோட்டீஸ் வரலாம். இன்னொரு வரி, வாடகை "முதல் விளம்பரம் ஏறிய நாள் முதல்" என்று சொல்லும். விளம்பரமே ஏறாவிட்டால்? அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. மாடி பூட்டிக் கிடக்கும், சாவி அவர்களிடம்.

சில மாதம் பணம் ஒழுங்காக வரும். பிறகு "கிளையன்ட் பேமென்ட் வரலை சார்". அப்புறம் போனே எடுக்கமாட்டார்கள். ஆத்திரத்தில் உரிமையாளர் வேறு ஏஜென்சிக்கு மாடியைக் கொடுப்பார், இல்லையென்றால் வெல்டிங் ஆளைக் கூப்பிட்டு இரும்புச் சட்டத்தை அறுத்து இறக்குவார். பாக்கி வைத்தவன் வாதியாவது இந்த இடத்தில்தான். தடையாணை கேட்டு அவன் முந்திக்கொள்வான்.

"வாடகை தராதவனுக்கு என்ன தனியுரிமை?" என்பது நியாயமான கேள்வி. ஆனால் தனியுரிமை நிபந்தனையைச் சும்மா நினைக்காதீர்கள். குஜராத் பாட்லிங் கம்பெனிக்கும் கோகோ கோலாவுக்கும் நடந்த வழக்கில், ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்வரை போட்டிக் கம்பெனியின் பானத்தை நிரப்பக்கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னொரு பக்கம், 1963-ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 42-ஆவது பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும். இப்படிப்பட்ட நிபந்தனையை வைத்துத் தடையாணை கேட்பவர், தன் பங்குக் கடமையில் தவறியிருக்கக் கூடாது. வாடகை பாக்கி உங்கள் கேடயம். அதைக் காட்ட ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே ரொக்கமாக வாங்காதீர்கள். ஏஜென்சி டிடிஎஸ் பிடித்திருந்தால் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். வாடகை என்று அவர்களே கணக்குக் காட்டியதற்கு அது நல்ல சாட்சி. முதலில் வக்கீல் நோட்டீஸ், பிறகு ஒப்பந்தத்தை முறிப்பது, அதன் பிறகே அடுத்த ஏஜென்சி. வரிசை மாறினால் கேடயம் ஓட்டையாகிவிடும்.

எழுதிக் கொடுப்பது லீஸா, லைசென்ஸா என்றும் கேளுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட லீஸைப் பதிவு செய்தே ஆகவேண்டும். பாக்கிக்காக லீஸை ரத்து செய்து வழக்குப் போட்டாலும், நிலுவையை வட்டியும் செலவுமாகக் கட்டினால் நீதிமன்றம் ஏஜென்சியைத் தொடரவிடலாம். தகராறுக்குத் தீர்ப்பாளரை ஏஜென்சியே நியமிக்கும், விசாரணை மும்பையில் என்று இருந்தால் பேனாவை மூடிவிடுங்கள். அப்படி ஒருதலையாக நியமிப்பது செல்லாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் பழைய அச்சுப் பிரதிகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

பிரான்ஸில் இருக்கும் அண்ணனுக்காகப் பவர் வைத்துக் கையெழுத்துப் போடுபவர்கள் இந்த ஊரில் ஏராளம். அந்தப் பவரில் விளம்பரத்துக்கு விட அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி வீட்டில் இருக்காது.

வாடகையைவிடப் பெரிய பயம் காற்று. 2011-இல் தானே, 2024-இல் ஃபெஞ்சல் என்று இரண்டு புயல் பார்த்த ஊர் இது. 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் சாய்ந்து 17 பேரைக் கொன்ற பலகை 120-க்கு 120 அடி. மாநகராட்சி அனுமதிக்கும் அளவோ 40-க்கு 40 அடிதான். புதுச்சேரியில் திறந்தவெளி விளம்பரங்களுக்கு 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நகராட்சி அனுமதியின் நகல், பொறியாளரின் உறுதிச் சான்று, காப்பீடு ஆகிய மூன்றும் கைக்கு வராமல் ஒரு போல்ட்டும் உங்கள் தூணில் இறங்கக் கூடாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் காலண்டரை எடுங்கள். வாடகை பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டுதான் கெடு, அதுவும் ஒவ்வொரு மாத வாடகைக்கும் தனித்தனியாக ஓடுகிறது. அந்தக் கெடுவுக்குள் "இவ்வளவு பாக்கி இருக்கிறது" என்று ஏஜென்சியிடம் கையெழுத்துடன் ஒரு கடிதம் வாங்கிவிட்டால், அன்றிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும்.